லென்ஸ் வாங்கினால் வெளிச்சம் வந்துவிடுமா?

வீட்டுக்குள் எடுத்த படம் நன்றாக வரவில்லை என்று ஒரு புதியவர் சொன்னால், காமிரா பழகியவர்கள் கூடும் இடத்தில் பதில் தயாராகக் காத்திருக்கும். "கிட் லென்ஸைக் கழற்றி வை. எஃப் 1.4 பிரைம் ஒன்று வாங்கு. கையில் காசு இருந்தால் ஃபுல் ஃபிரேமுக்குப் போய்விடு. ஃபிளாஷ் பக்கம் மட்டும் தலைவைக்காதே, இருக்கிற வெளிச்சமே அழகு." விடியற்காலையில் காசிமேட்டுக்குக் கும்பலாகப் போகும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலும் இதைக் கேட்கலாம், கல்யாண மண்டப வாசலில் கழுத்தில் காமிராவோடு நிற்கும் மாப்பிள்ளைத் தோழரிடமும் கேட்கலாம். யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. பேசினால் ரசனை இல்லாதவர் என்று பெயர் வந்துவிடும்.

பெயர் வந்தால் வரட்டும். இந்த அறிவுரையின் ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மொத்தமாகச் சேர்த்தால் ஆளைத் தப்பான கடைக்கு அனுப்பிவிடுகிறது. அகலத் துளை லென்ஸும் பெரிய சென்சாரும் செய்வது ஒரே வேலைதான்: வந்து விழும் வெளிச்சத்தை அதிகமாக அள்ளிக்கொள்வது. அந்த வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வருகிறது, எவ்வளவு அகலமான இடத்திலிருந்து வருகிறது, என்ன நிறத்தில் வருகிறது என்பவற்றில் அவற்றால் கைவைக்க முடியாது. நம் உட்புறப் படங்கள் பெரும்பாலும் கெடுவது இந்த மூன்றால்தான்.

"ஃபுல் ஃபிரேம் வந்துவிட்டால் இருட்டு ஒரு பொருட்டே இல்லை" என்பதிலிருந்து தொடங்குவோம். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அளவு 36-க்கு 24 மில்லிமீட்டர். நம்மில் பலர் வைத்திருக்கும் கிராப் சென்சார் ஏறத்தாழ 23.5-க்கு 15.6. பரப்பில் பெரியது சின்னதைப்போலச் சுமார் 2.4 மடங்கு. வெளிச்சம் இரட்டிப்பானால் ஒரு ஸ்டாப்; அந்தக் கணக்கில் ஒன்றேகால். இரண்டும் ஒரே தலைமுறைக் காமிராக்கள் என்றால், கிராப்பில் ஐ.எஸ்.ஓ. 3200-இல் தெரியும் புள்ளிகள் ஃபுல் ஃபிரேமில் சுமார் 7500-இல் தெரியும். லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் லென்ஸோடு சேர்த்து லட்சத்தைத் தொடும் செலவுக்குக் கிடைப்பது ஒன்றேகால் ஸ்டாப் என்பதை விற்பவரும் சொல்வதில்லை, வாங்கியவரும் சொல்வதில்லை. குடும்பப் படத்தில் முன்வரிசையும் பின்வரிசையும் சேர்ந்து தெளிவாக வர வேண்டுமென்றால் அந்த லாபமும் நிற்காது. கிராப்பில் எஃப் 2.8 தரும் ஆழம் ஃபுல் ஃபிரேமில் வேண்டுமானால் துளையை எஃப் 4-க்கும் சற்று மேலே மூடியாக வேண்டும். சென்சார் கொடுத்ததைத் துளை வாங்கிக்கொண்டுவிடும்.

அடுத்தது எஃப் 1.4. கிட் லென்ஸை முழுக்க நீட்டினால் அதன் துளை எஃப் 5.6-தான். அங்கிருந்து எஃப் 1.4-க்கு நான்கு ஸ்டாப், அதாவது பதினாறு மடங்கு வெளிச்சம். அறிவுரையின் முழு பலமும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. அதற்கு விலையாகப் போவது ஆழம். ஃபுல் ஃபிரேமில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.4-இல் திறந்து, இரண்டு மீட்டர் தள்ளியிருப்பவரை எடுத்தால், தெளிவாக விழும் பகுதி முன்னும் பின்னுமாகச் சேர்த்துச் சுமார் 13 சென்டிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை. 85 மி.மீ. எஃப் 1.4 லென்ஸோடு ஒன்றரை மீட்டருக்குள் போனால் மூன்று சென்டிமீட்டர்கூடத் தேறாது.

முகூர்த்த நேரத்தில் இது என்ன செய்யும் என்று பாருங்கள். பெண் உட்கார்ந்திருக்கிறாள். மாப்பிள்ளை குனிந்து தாலி கட்டுகிறார். மூன்றாம் முடிச்சுக்காக நாத்தனார் பின்னால் காத்திருக்கிறார். பெண்ணின் கண், மாப்பிள்ளையின் விரல், நாத்தனாரின் முகம் மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. எஃப் 1.4 இவற்றில் ஒன்றைத்தான் காப்பாற்றும். மூக்குத்தி பளிச்சென்று இருக்க, தாலிக்கயிறு மஞ்சள் புகையாகக் கரைந்திருக்கும். கேட்டால் "பொக்கே" என்பார்கள். பெண்ணைப் பெற்றவர்களுக்கு அந்தப் படத்தில் வேண்டியது தாலி.

சரி, ஆழத்தையும் விட்டுவிடுவோம். அதிகாலை முகூர்த்தம், வெளியே இன்னும் விடியவில்லை. மண்டபத்துக்குள் இருப்பது ஃபால்ஸ் சீலிங்கில் பதித்த எல்.இ.டி. விளக்குகள், தலைக்கு நேர் மேலே. நெற்றியும் மூக்கும் வெளுத்துத் தெரிய, கண்குழிகள் இரண்டும் கறுத்துப்போகும். எஃப் 1.4 அந்தக் கண்குழியிலிருந்து பதினாறு மடங்கு வெளிச்சத்தை அள்ளும்; நெற்றியிலிருந்தும் அதே பதினாறு மடங்கை அள்ளும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஏற்றத்தாழ்வு இம்மிகூட மாறாது. மங்கலாக இருந்த அசிங்கம் பளிச்சென்ற அசிங்கம் ஆகும், அவ்வளவுதான். மேடைப் பின்னணியில் ஊதா, ஓரத்தில் மஞ்சள் சீரியல் பல்பு, வீடியோக்காரரின் வெள்ளை விளக்கு என்று மூன்று நிறம் ஒரே முகத்தில் விழும்போது ஒயிட் பேலன்ஸை எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரு கன்னம் கோபித்துக்கொள்ளும். இன்னொரு தொல்லையும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்.இ.டி. அதில் நொடிக்கு 100 முறை துடிக்கும். எஃப் 1.4 கொடுத்த தைரியத்தில் ஷட்டரை 1/500-க்கு ஏற்றுபவர் படத்தில் பட்டை பட்டையாக வரி வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்.

இப்போதெல்லாம் "மொபைலே போதும், நைட் மோடு இருக்கிறதே" என்றும் ஒரு குரல் கேட்கிறது. கூகுள் 2018-லும் ஆப்பிள் 2019-லும் கொண்டுவந்த அந்த வித்தை, அடுத்தடுத்து எடுத்த பல படங்களை ஒன்றாகச் சேர்த்துப் புள்ளிகளைக் குறைக்கிறது. அதுவும் அள்ளும் வேலைதான். கண்குழி கண்குழியாகவே இருக்கும்.

"ஃபிளாஷ் போட்டால் படம் செத்துவிடும்." இதைச் சொல்பவர்களுக்குப் பின்னால் ஒரு நியாயமான வெறுப்பு இருக்கிறது. காமிராவின் உச்சியிலிருந்து எழும்பும் அந்தக் குட்டி ஃபிளாஷால் எடுத்த பிறந்தநாள் படங்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்: சுண்ணாம்பு அடித்த முகம், சிவந்த கண், முதுகுக்குப் பின்னால் கன்னங்கரேல் என்ற சுவர். ஆனால் கொலையாளி யார் என்று விசாரிக்க வேண்டாமா? கண் சிவப்பது, ஃபிளாஷ் லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால் விழித்திரையில் பட்ட ஒளி நேராக லென்ஸுக்கே திரும்பி வருவதால். முகம் தட்டையாவது, நிழல்கள் எல்லாம் முகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதால். பின்சுவர் கறுப்பது, தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகக் குறையும் என்ற இயற்பியலால். மூன்றுக்கும் காரணம் ஃபிளாஷ் இருந்த இடம். காமிராவுக்கு மேலே ஒட்டிக்கொண்டு முகத்துக்கு நேராக எரியும் எந்த விளக்கும், மெழுகுவத்தியே ஆனாலும், இதே வேலையைத்தான் செய்யும்.

தலை திரும்பும் ஃபிளாஷ் ஒன்றைக் காமிராவில் மாட்டி, அதன் முகத்தைப் பின்பக்கச் சுவரை நோக்கியோ பக்கச் சுவரை நோக்கியோ திருப்புங்கள். அந்த நொடியில் விளக்கு என்பது உள்ளங்கை அளவுக் கண்ணாடியாக இருப்பதை விட்டு, ஒரு பாயின் அகலத்துக்கு வெளுத்த சுவராகிவிடுகிறது. ஜன்னல் தரும் ஒளியும் இந்தச் சுவர் தரும் ஒளியும் குணத்தில் ஒன்றுதான். நம் வீடுகளில் உத்தரம் பத்தடி உயரத்தில் இருப்பதால் மேலே திருப்பினாலும் வேலை நடக்கும், ஆனால் மண்டபத்து எல்.இ.டி. செய்த கண்குழிக் காரியத்தை அதுவும் கொஞ்சம் செய்யும். அதனால் எனக்குப் பக்கச் சுவர்தான் பிடிக்கும். ஒரே எச்சரிக்கை, நம் ஊர் வீட்டுச் சுவர்கள் பச்சையிலும் ரோஸிலும் இருக்கும். பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பிய ஒளியில் அத்தை மஞ்சள் காமாலை வந்தவர்போல இருப்பார். அங்கே ஒரு தெர்மாகோல் அட்டையைச் சுவரில் சாய்த்துவைத்து அதில் அடிக்க வேண்டும். சினிமா யூனிட்டுகள் தெர்மாகோலை விடாமல் தூக்கிக்கொண்டு அலைவது சும்மா இல்லை.

சுவரில் பட்டுத் திரும்பும்போது இரண்டு மூன்று ஸ்டாப் வெளிச்சம் வீணாகும், உண்மை. அங்கேதான் உங்கள் நல்ல சென்சார் கைகொடுக்கிறது. ஐ.எஸ்.ஓ. 100-இல் 36 மீட்டர் வழிகாட்டு எண் (ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் எண்) உள்ள ஒரு சாதாரண ஃபிளாஷ், ஐ.எஸ்.ஓ. 800-க்கு ஏற்றியதும் 100 மீட்டர் எண் உள்ளதைப்போல நடந்துகொள்ளும். உயர் ஐ.எஸ்.ஓ.வைத் தாங்கும் காமிரா இருந்தால் ஃபிளாஷ் தேவையில்லை என்பது பொது நம்பிக்கை. அந்தக் காமிராவில்தான் ஃபிளாஷ் முழுப் பலத்தோடு வேலை செய்கிறது என்பது நடைமுறை.

இதோடு போகிற போக்கில், ஐ.எஸ்.ஓ.வை 400-க்கு மேல் ஏற்றாதே என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புள்ளிகள் வருவது வெளிச்சம் குறைந்ததால். ஐ.எஸ்.ஓ. 400-இல் இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் தூக்கினாலும் அதே புள்ளிகள்தான் மேலே வரும், சில காமிராக்களில் இன்னும் மோசமாக.

"இயற்கை ஒளிதான் நேர்மை, செயற்கை விளக்கு பொய்." இதுதான் எல்லா வாதங்களுக்கும் அடியில் கிடக்கும் பக்தி. தொழில்நுட்பத்தில் தோற்றவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடமும் இதுதான். சாட்சிக்கு ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோனை அழைப்பார்கள். அவருக்கு ஃபிளாஷ் பிடிக்காது என்பது தெரிந்த விஷயம். ஆனால் அவர் பெரும்பாலும் தெருவில், பகலில் எடுத்தவர். தெருவுக்குச் செய்த சட்டத்தை மண்டபத்துக்குக் கொண்டுவருவது ஏன்? தமிழில் இந்த வாதம் பாலு மகேந்திராவின் பெயரோடு வரும். அவர் படங்களில் இருப்பது தேர்ந்தெடுத்த வெளிச்சம்: எந்த நேரம், எந்த ஜன்னல், அந்த ஜன்னலுக்கு எந்தப் பக்கம் முகம் என்று பார்த்துப் பார்த்து எடுத்தது. டியூப்லைட்டுக்கு அடியில் யாரையோ நிறுத்திவிட்டு "அவைலபிள் லைட்" என்று சொல்பவருக்கு அவர் பெயரை இழுக்க உரிமை இல்லை.

நமக்கு இதைவிட நெருங்கிய பாடம் வங்காளத்தில் இருக்கிறது. 'பதேர் பாஞ்சாலி' 1955-இல் வந்தது. அதற்கு முன் சினிமா காமிராவை இயக்கியே அறியாத சுப்ரதா மித்ராதான் அதன் ஒளிப்பதிவாளர். அடுத்த ஆண்டு 'அபராஜிதோ'. காசியில் ஒரு பழைய வீடு, நடுவில் முற்றம், மேலே திறந்த வானம். அந்த வீட்டுக்குள் விழுவது நிழலே இல்லாத வான வெளிச்சம். அந்த வீட்டைத் திறந்தவெளியில் செட்டாகப் போடுவதாகத்தான் முதலில் திட்டம். மழைக்காலம் வந்துவிடுமோ என்ற பயத்தில் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா அதைக் கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் போட முடிவு செய்தார். ஸ்டுடியோவுக்குள் அந்த வெளிச்சம் வரவே வராது என்று மித்ரா வாதாடினார். இயக்குநர் சத்யஜித் ராயும் சந்திரகுப்தாவும் கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் மித்ரா செட்டின் தலைக்கு மேலே சட்டம் கட்டி வெள்ளைத் துணியை இழுத்து, ஒரு துண்டு வானத்தை உண்டாக்கினார். விளக்குகளைக் கீழே வைத்து அந்தத் துணியில் அடித்தார். துணியிலிருந்து திரும்பி இறங்கிய ஒளி முற்றத்தை நிரப்பியது. பவுன்ஸ் என்று நாம் சுவரில் அடித்துப் பழகும் உத்தியைச் சினிமாவில் அவர் கண்டுபிடித்துக்கொண்ட கதை இது. அந்தக் காசி வீட்டுக் காட்சிகளைப் பார்த்து இயற்கை ஒளியின் நேர்மை என்று உருகியவர்களில் பலருக்கு, அந்த வானம் துணி என்பது தெரிந்திருக்காது.

இன்னொரு சாட்சி ஸ்டான்லி குப்ரிக்கின் 'பேரி லிண்டன்', 1975. மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே எடுத்த காட்சிகள், எஃப் 0.7 லென்ஸ், நாசாவுக்காக ஸைஸ் நிறுவனம் செய்தது. லென்ஸ் வாங்கச் சொல்பவர்களின் வேதம் இது. வேதத்தை முழுக்கப் படிக்க வேண்டும். அந்த மெழுகுவத்திகள் நம் வீட்டு மெழுகுவத்திகள் இல்லை, ஒன்றுக்கு மூன்று திரி. தொங்குவிளக்குகளுக்கு மேலே உலோகத் தகடுகள் இருந்தன. கூரையை வெப்பத்திலிருந்து காக்க வைத்தவை, ஒளியைக் கீழே திருப்பும் வேலையையும் அவையே செய்தன. ஃபிலிமை லேபில் ஒரு ஸ்டாப் ஏற்றிக் கழுவினார்கள். எஃப் 0.7-இல் ஆழம் அவ்வளவு குறைவு என்பதால் நடிகர்கள் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. ஆள் எத்தனை தூரத்தில் இருக்கிறார் என்று பார்க்கப் பக்கவாட்டில் ஒரு வீடியோ காமிராவையே நிறுத்தினார்கள். பகல் நேர உட்புறக் காட்சிகளுக்கு ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட் ஜன்னலுக்கு வெளியே மினி புரூட் என்ற பெரிய விளக்குகளை வைத்து, கண்ணாடியில் டிரேசிங் தாள் ஒட்டி, அதன் வழியாக உள்ளே அடித்தார். மெழுகுவத்திக் கதை மட்டும் ஊர் ஊராகப் பரவியது. ஜன்னலுக்கு வெளியே நின்ற விளக்குகளை யாரும் பேசுவதில்லை.

நேர்மை என்று வந்துவிட்டதால் ஜேக்கப் ரீஸையும் கேட்க வேண்டும். டென்மார்க்கிலிருந்து அமெரிக்கா போனவர். நியூயார்க்கில் போலீஸ் செய்திகள் எழுதிய நிருபர். கீழ்மன்ஹாட்டன் சேரிக் குடியிருப்புகளில் ஓர் அறையில் எத்தனை பேர் படுத்துக் கிடக்கிறார்கள் என்று அவர் எழுதிக்கொண்டே இருந்தார், ஊர் அசையவில்லை. ஜன்னல் இல்லாத அறைகள். இருக்கிற வெளிச்சம் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. 1887-இல் ஜெர்மனியில் மக்னீசியம் ஃபிளாஷ் பவுடர் வந்தது. ரீஸ் அதைப் பற்றவைத்துக்கொண்டு இரவில் அந்த அறைகளுக்குள் போனார். 1890-இல் வெளிவந்த அவருடைய புத்தகம் அந்த வெளிச்சத்தில்தான் உருவானது. ஃபிளாஷ் இல்லாவிட்டால் அந்த உண்மை இருட்டிலேயே கிடந்திருக்கும். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கேட்காமல் வெடித்த வெளிச்சம் அது என்பதும் உண்மை. அந்த முகங்களின் திகைப்பு எனக்கு உறுத்தும். ஆனால் அந்த உறுத்தல் அவர் அனுமதி கேட்காததைப் பற்றியது. அதே மனிதர் எஃப் 1.4 லென்ஸோடு சத்தமில்லாமல் நுழைந்திருந்தால் அது மரியாதை ஆகிவிடுமா?

"காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். மற்ற நேரத்தில் காமிராவைப் பையிலிருந்தே எடுக்காதே." கோல்டன் அவர் என்ற இந்தக் கணக்கு சூரியன் சாய்ந்து ஏறும் ஊர்களுக்குப் பொருந்தும். லண்டனில் ஜூன் மாதம் சூரியன் அடிவானத்திலிருந்து ஆறு டிகிரி ஏற ஏறத்தாழ ஐம்பது நிமிடம் ஆகும். 13 டிகிரி அட்சரேகையில் இருக்கும் சென்னையில் அது செங்குத்தாக எழும்புகிறது. அதே ஆறு டிகிரிக்கு இருபத்தைந்து நிமிடம்தான். நமக்கு வாய்த்தது கோல்டன் அரைமணி. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிவேளையில் சென்னைச் சூரியன் நேராகத் தலைக்கு மேலே வந்து நிற்கும். அந்த வெயிலில் நடுரோட்டில் ஆளை நிறுத்தி எடுத்தால் மண்டபத்து எல்.இ.டி. கதைதான். ஆனால் நடுரோட்டில் ஏன் நிறுத்த வேண்டும்?

நம் பழைய வீடுகளைக் கட்டியவர்கள் வெயிலைத் தடுக்க யோசித்தார்கள். அதோடு படம் எடுப்பவனுக்கும் வழிசெய்துவிட்டார்கள். உச்சி வெயிலில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்மேல் விழுவது நேர்வெயில் இல்லை, எதிர்த்த சுவரிலும் தெருமண்ணிலும் பட்டுத் திரும்பிய ஒளி. அது கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் வருகிறது, கண்குழியை நிரப்புகிறது. வெயில் எவ்வளவு காய்கிறதோ அவ்வளவுக்கு அந்தத் திரும்பும் ஒளி பலமாக இருக்கும். முற்றமுள்ள வீட்டில் தாழ்வாரத்து ஓரம், கடைவீதியில் பந்தல் நிழலின் விளிம்பு, பள்ளிக்கூட வராந்தா, எல்லாமே உச்சிவேளையில் உச்சத்தில் இருக்கும் ஸ்டுடியோக்கள். தூத்துக்குடி உப்பளத்தில் நடுப்பகலில் நின்று பாருங்கள்; தரை முழுக்க வெள்ளை. தொப்பி போட்டவரின் முகத்தில்கூட நிழல் கனக்காது.

வெயிலிலேயே நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றால், ஃபிளாஷ் எதிரி என்று கற்றவருக்கு வழி அடைபட்டுவிடும். ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/200 என்றால் வெயிலுக்குத் துளை எஃப் 11. வழிகாட்டு எண் 40 உள்ள ஃபிளாஷ் எஃப் 11-இல் மூன்றரை மீட்டர் வரை எட்டும்; இரண்டு மீட்டரில் பலத்தைக் குறைத்து வைத்தாலே கண்குழி நிரம்பும். காமிராவோடு வரும் குட்டி ஃபிளாஷின் எண் 12 சொச்சம்; அது ஒரு மீட்டரைத் தாண்டாது. எஃப் 1.4 லென்ஸ் வைத்திருப்பவரின் நிலையோ பரிதாபம். அந்த வெயிலில் 1/200-இல் லென்ஸை முழுக்கத் திறந்தால் ஆறு ஸ்டாப் அதிகம். கறுப்பு ஃபில்டர் போடாமல் முடியாது. மார்ட்டின் பார் 1980-களில் லிவர்பூலுக்குப் பக்கத்து நியூ பிரைட்டன் கடற்கரையில் பட்டப்பகலில் ஃபிளாஷ் அடித்து எடுத்த வண்ணப்படங்கள் 1986-இல் புத்தகமாயின. வெளிச்சம் போதாமல் அவர் அடிக்கவில்லை.

"கறுத்த முகம் என்றால் வெளிச்சத்தைக் கூட்டு." இது காமிராக் கூட்டத்தில் மட்டும் இல்லை, ஸ்டுடியோக்களிலும் புழங்கும் அறிவுரை. எனக்கு மிகவும் எரிச்சல் தருவதும் இதுதான். காமிராவின் மீட்டர் தான் பார்க்கும் எதையும் நடுச்சாம்பலாகக் கருதும். ஃபிரேம் முழுக்கக் கறுத்த முகம் என்றால் அது தானாகவே கூட்டிவிடும். அதன்மேல் நீங்களும் கூட்டினால் முகம் சாம்பல் பூத்து வெளிறும். அதே முகம் வெள்ளைச் சட்டைக்கு மேலே, வெள்ளை வானத்துக்கு முன்னால் என்றால் மீட்டர் குறைத்துவிடும். அப்போது கூட்டத்தான் வேண்டும். எப்போது கூட்டுவது என்பதை முடிவு செய்வது சுற்றி இருப்பவை, தோல் இல்லை.

அதைவிட முக்கியம், கறுத்த தோலின் வடிவத்தை நமக்குக் காட்டுவது அதன் மினுமினுப்பு. கன்னமேட்டில், நெற்றி ஓரத்தில், மூக்கின் சரிவில் ஒளிரும் அந்த வரம்புதான் முகத்தைச் செதுக்குகிறது. விளக்கு சின்னதாக, நேரெதிரே இருந்தால் மினுமினுப்பு எண்ணெய்ப்புள்ளியாகச் சுருங்கிவிடும். பக்கவாட்டில் பெரிய ஜன்னலோ வாசலோ வெள்ளைச் சுவரோ இருந்தால் அது நீண்ட மென்மையான பட்டையாக இறங்கும். வெளிச்சத்தின் அளவை ஒரு துளியும் கூட்ட வேண்டாம். ஆளைக் கால் வட்டம் திருப்பி உட்காரவைத்தால் போதும். கலர் ஃபிலிம் காலத்தில் கோடாக் லேப்களுக்கு அனுப்பிய ஷெர்லி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று பல ஆண்டுகள் கணக்கு வைத்திருந்தார்கள். நம் ஸ்டுடியோக்காரர்கள் முகத்தை வெளுக்க வைக்கும் பழக்கத்துக்கு அந்த அட்டையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, பெண்பார்க்கும் படலமும் இருக்கிறது. அது வேறு கட்டுரை.

சாஃப்ட்பாக்ஸ் பற்றியும் ஒரு மூடநம்பிக்கை உலவுகிறது: "பெட்டியை மாட்டினால் ஒளி மென்மையாகிவிடும்." ஒளியின் மென்மை, எடுக்கப்படுபவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதில் இருக்கிறது. சூரியன் 14 லட்சம் கிலோமீட்டர் குறுக்களவு உள்ளது. 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் வானத்தில் அரை டிகிரி. அதனால்தான் வெயில் நிழலுக்குக் கத்திமுனை. 60 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸை 60 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்தால் ஜன்னல். மூன்று மீட்டர் தள்ளி வைத்தால் தெருவிளக்கு. ஃபிளாஷின் தலையில் மாட்டும் பிளாஸ்டிக் குல்லாய் அறைக்குள் உதவும், சுவரெல்லாம் ஒளியைத் தெளிப்பதால். அதே குல்லாயை மொட்டைமாடியில் மாட்டிக்கொண்டு எடுப்பவர் பேட்டரியைத் தீர்க்கிறார், வேறொன்றும் நடக்கவில்லை.

மிச்சமிருப்பது ஒரு வலுவான ஆட்சேபம். ஃபிளாஷ் ஆட்களைத் தொந்தரவு செய்யும். செய்யும்தான். கோயில் கருவறைப் பக்கம் அதற்கு இடமில்லை. கச்சேரியில் ஆலாபனைக்கு நடுவே மின்னினால் பாடகர் முறைப்பார், பக்கத்து இருக்கை மாமாவும் முறைப்பார். நாடகத்திலும் நாட்டியத்திலும் மேடை விளக்கு இன்னொருவர் யோசித்துப் போட்டது. அதன்மேல் உங்கள் ஃபிளாஷைக் கொட்டினால் அவர் வேலையை அழிக்கிறீர்கள். சாவு வீட்டைச் சொல்லவே வேண்டாம். இந்த இடங்களுக்கெல்லாம் எஃப் 1.4 வேண்டும், சரியான கருவி அதுதான். என் சண்டை அந்த லென்ஸோடு இல்லை, அதை எல்லா நோய்க்கும் எழுதிக்கொடுப்பவர்களோடுதான். மண்டபத்தில் வீடியோக்காரரின் விளக்கு மணிக்கணக்கில் கண்ணைக் கூசவைக்கும்போது பொறுத்துக்கொள்ளும் உறவினர்கள், பின்சுவரில் பட்டு வரும் ஒரு கணப் பளிச்சைக் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

"அதெல்லாம் தொழில்காரர்களுக்கு, நமக்குக் கட்டுப்படியாகாது" என்பார்கள் கடைசியாக. விலையை விசாரித்திருந்தால் இப்படிச் சொல்லமாட்டார்கள். தானியங்கி வசதி எதுவும் இல்லாத, தலை திரும்பும் ஒரு மேனுவல் ஃபிளாஷ் சில ஆயிரம் ரூபாய். நல்ல எஃப் 1.4 லென்ஸின் விலையில் அது சிறு பங்கு. காமிராவை விட்டு அதைத் தள்ளிவைக்க ஒரு டிரிக்கர், இன்னும் கொஞ்சம். தெர்மாகோல் அட்டை ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும். ஜன்னல் வெயிலை வடிகட்ட ஒரு பழைய வெள்ளை வேட்டி வீட்டிலேயே இருக்கும். இவ்வளவும் வாங்கிப் பழகிய பிறகும் பணம் மிச்சமிருந்தால் 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கலாம். எஃப் 1.4-க்கும் அதற்கும் வித்தியாசம் ஒரு ஸ்டாப்புக்கும் குறைவு. விலையில் வித்தியாசம் எவ்வளவு என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.